பெட்டி வேறு, படிவம் வேறு!

இணையத்தில் எதையாவது அழிக்கப் போனால் பக்கம் மங்கி, நடுவில் ஒரு பெட்டி குதித்து வந்து "நிச்சயமாக அழிக்கலாமா?" என்று கேட்கிறதே, அதுதான் மோடல் பெட்டி. பதில் சொல்லாமல் அதைத் தாண்ட முடியாது. சாதாரணப் படிவம் அப்படியல்ல; பாதி நிரப்பிவிட்டு மேலே போய் வேறு எதையாவது படிக்கலாம். காமர்ஸ் படிப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்கிறீர்களா? பணம் அனுப்பும் பட்டனும் இந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது :-)

ஆரம்பத்தில் இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன. 1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட்டோடு அலர்ட், கன்ஃபர்ம், பிராம்ப்ட் பெட்டிகள் வந்தன. அவற்றை வரைவது பிரவுசர். 1996 டிசம்பரில் வந்த சி.எஸ்.எஸ்.ஸாலும் அவற்றைத் தொட முடியவில்லை. பார்க்கச் சகிக்காது, ஆனால் குழப்பமும் கிடையாது.

அழகுக்கு ஆசைப்பட்டதில்தான் வம்பு ஆரம்பம். 2005-ல் லோகேஷ் டாகர் எழுதிய லைட்பாக்ஸ், பக்கத்தை இருட்டாக்கிப் படத்தைப் பெரிதாகக் காட்டியது. அட, நன்றாயிருக்கிறதே என்று எல்லோரும் அதே பாணியில் பெட்டி செய்து உள்ளே படிவங்களையும் வைத்தார்கள். 2011-ல் ட்விட்டரிலிருந்து வந்த பூட்ஸ்டிராப் அதை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆனால் இந்தப் பெட்டி, பக்கத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு துண்டு. "எல்லாப் பட்டனும் முழு அகலம்" என்று பக்கத்துப் படிவத்துக்கு எழுதிய விதி பெட்டிக்குள்ளும் பாயும். "அழி", "வேண்டாம்" இரண்டும் ஒரே அளவில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். அவசரத்தில் கை எதன்மேல் விழும்? சரிசெய்ய ஒரு இம்பார்ட்டன்ட், அதை வெல்ல இன்னொன்று... பெட்டியை மேலே நிறுத்த பூட்ஸ்டிராப் இசட்-இண்டெக்ஸ் 1050 என்றது. மற்றவர்கள் 9999 என்றார்கள். ஏலம்தான்!

இதைவிட மோசம், கவனமில்லாமல் செய்த பெட்டிகளில் டாப் விசையை அழுத்தினால் பின்னாலிருக்கும் படிவத்துக்குப் போய்விடும். திரையைப் படிக்கும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கு, தான் எந்தப் படிவத்தை நிரப்புகிறோம் என்றே தெரியாது.

பெட்டிக்கென்றே டயலாக் என்ற எச்.டி.எம்.எல். குறி குரோமில் 2014-ல் வந்தது. ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் 2022 மார்ச் வரை இழுத்தடித்தன. அதை மோடலாகத் திறந்தால் பிரவுசரே எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும், பின்பக்கத்தைச் செயலிழக்கச் செய்யும். ஏல யுத்தம் முடிந்தது.

ஆனால் சி.எஸ்.எஸ். இன்னும் உள்ளே கசிகிறது. டயலாக்குக்குள் இருக்கும் பட்டனும் பக்கத்துப் பட்டனின் விதிக்குக் கட்டுப்பட்டதுதான். பக்கத்துப் படிவத்துக்கு ஒரு கிளாஸ் பெயர், பெட்டிக்கு வேறொன்று என்று பிரித்து எழுதும் வேலை இன்றும் நம் தலையில்தான்.