குடியிருப்புப் பகுதிகளில் போக்குவரத்து இரைச்சல்

சாலை வாகனங்களால் வீடுகளின் வெளிப்புறத்தில் எழும் ஒலி. மனிதச் செவியின் உணர்திறனுக்கேற்பத் திருத்திய டெசிபெல் அளவில் இது அளக்கப்படும். டெசிபெல் மடக்கை அளவீடு என்பதால் வழக்கமான கூட்டல் கணக்கு இங்கே செல்லாது: ஒரு தெருவில் வாகனங்கள் இரு மடங்கானால் அளவு ஏறத்தாழ 3 டெசிபெல்தான் கூடும், 10 டெசிபெல் கூடினால்தான் சத்தம் இரட்டித்ததாகக் காது உணரும். வாகனங்களைப் பாதியாகக் குறைத்தாலும் குடியிருப்போருக்குப் பெரிய நிம்மதி கிடைக்காததன் காரணம் இதுவே.

வேகம் குறைவாக இருக்கும்போது எஞ்சின் ஓசையும், வேகம் கூடும்போது டயர் சாலையில் உராயும் ஓசையும் மேலோங்கும். இந்திய நகரங்களில் இவற்றோடு ஹாரன் சேர்கிறது. நெடுநேரச் சராசரி அதன் தொல்லையை முழுதாகக் காட்டாது. தூக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் திடீர் உச்ச ஒலியே.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபெல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவாகும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கு வரம்பு 50, 40. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் சாலை இரைச்சலுக்கு நாள் முழுமைக்குமாக 53, இரவுக்கு 45 டெசிபெல் எனப் பரிந்துரைத்தது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் ஒலியைத் தொடர்ந்து அளந்து வருகிறது. பரபரப்பான சாலையோர வீடுகளில் இவ்வரம்புகள் பெரும்பாலும் ஏட்டளவில்தான் உள்ளன.