வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கும் பூட்டு

போன வாரம் பேரன் வந்திருந்தபோது என் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்குக்குப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தான். "வீட்டு பீரோவில் இருக்கிற பெட்டிக்கு எதுக்குப்பா பூட்டு?" என்று கேட்டுவிட்டேன். பிறகுதான் 2006-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு திருட்டு நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு மே 3-ஆம் தேதி, மேரிலாந்தில் ஓர் அரசு ஊழியர் வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். அவர் முன்னாள் படைவீரர் நலத்துறையில் வேலை பார்த்தவர். வீட்டிலும் வேலை செய்யலாமென்று கோப்புகளை எடுத்து வந்திருந்தார். திருடுபோனவற்றில் ஒரு லேப்டாப்பும் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கும் இருந்தன. அவற்றில் சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் இருந்தன. எதுவும் குறியாக்கம் செய்யப்படவில்லை. அந்த எண் கிடைத்தால் அங்கே அடுத்தவர் பெயரில் கடனே வாங்கிவிடலாம்.

மூலப்பதிவுகள் அலுவலகத்தில் பத்திரமாகவே இருந்தன. தொலைந்தது நகல்தான். ஆனாலும் மே 22-இல் செய்தி வெளியானதும் நாடே கலங்கியது. ஜூன் கடைசியில் டிஸ்க் திரும்பக் கிடைத்தது. யாரும் திறந்து பார்த்த அடையாளம் இல்லை என்றது எஃப்.பி.ஐ. இருந்தும் வழக்கு நடந்து, 2009-இல் 2 கோடி டாலர் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டது.

இத்தனைக்கும் பூட்டு அப்போதே இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த டாமன், ரெய்மன் என்ற இருவர் உருவாக்கிய முறையை, ஏ.இ.எஸ். என்ற பெயரில் 2001-லேயே அமெரிக்க அரசு தரமாக ஏற்றிருந்தது. இன்றைய டிஸ்குகளிலும் பெரும்பாலும் அதே முறைதான். 256 பிட் சாவி என்றால், இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது நடக்காத காரியம்.

இதில் நம் வயதுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வங்கி லாக்கர் சாவி தொலைந்தால் ஆள் வைத்து உடைக்கலாம். இதை உடைக்க வழியில்லை. பாஸ்வேர்டு மறந்தால் கல்யாண போட்டோவும் போச்சு, பென்ஷன் காகிதங்களும் போச்சு.

அதனால் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, டிஸ்க் இருக்கும் பீரோவில் வைக்காமல், வீட்டுப் பத்திரத்தோடு லாக்கரில் வைத்தேன். மனைவியிடமும் சொல்லிவிட்டேன். டிஸ்க் ஒருநாள் பழுதாகலாம் என்பதால், பூட்டிய இன்னொரு டிஸ்க் மகள் வீட்டில் இருக்கிறது.

பேரனிடம், "நீ செஞ்சது சரிதான்" என்று சொல்லிவிட்டேன்.