சவரக் கத்தி வந்த வழி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. விடியற்காலை நேரம், இருள் இன்னும் விலகவில்லை. பிரட்டுக்கு மணி அடிக்குமுன் அப்பா லயத்து வாசலில் நிற்பார். தூணில் ஓர் ஆணி. ஆணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி. மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் தொட்டித் தண்ணீரை முகத்தில் தெளித்து, குளிக்கிற சவுக்காரத்தைக் கன்னத்தில் தேய்த்து, பிளேடால் நாலு இழுப்பு இழுப்பார். சவரம் முடிந்துவிடும். பிறகு வெயில் ஏறும், வியர்வை வழியும், கன்னம் தீப்பட்டதுபோல் எரியும். மாலையில் பார்த்தால் கழுத்தெல்லாம் சிவப்புக் கொப்புளங்கள். “பிளேடு சரியில்லை” என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அதையே செய்வார்.

பிளேடு சரியில்லையா? அல்லது செய்த முறை சரியில்லையா? இதற்கு விடை காண வேண்டுமானால், இந்தக் கத்தி நம் கைக்கு எப்படி வந்தது என்ற கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முகம் மழித்துக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. எகிப்து நாட்டுக் கல்லறைகளில் செம்பினாலும் வெண்கலத்தினாலும் செய்த சவரக் கத்திகள் கிடைத்திருக்கின்றன. எகிப்தியக் கோயில் பூசாரிகள் ஒன்றுவிட்டு ஒரு நாள் உடல் முழுவதையும் மழித்துக்கொண்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். பேன் முதலிய அசுத்தம் அண்டாதிருக்கவே அப்படிச் செய்தார்களாம். போரில் எதிரி தாடியைப் பற்றி இழுத்துவிடக் கூடாது என்பதற்காக, மாவீரன் அலெக்சாந்தர் தன் வீரர்களை மழித்துக்கொள்ளச் சொன்னான் என்பது புளூட்டார்க் தரும் செய்தி.

அந்த நாளிலிருந்து சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை, பெரும்பாலோருக்குச் சவரம் என்பது பிறர் கையால் நடந்த வேலைதான். சவரக் கத்தி ஆளைக் கொல்லக்கூடிய ஆயுதம். அதைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும். ஆகவே ஒவ்வொரு நாட்டிலும் அதற்கென்றே தொழிலாளர்கள் இருந்தார்கள்.

நம் தமிழ்நாட்டு நாவிதரின் வேலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அவர் வந்ததும் கத்தியை எடுக்கமாட்டார். அடைப்பத்தை அவிழ்த்து வைப்பார். கிண்ணத்தில் தண்ணீர் வாங்குவார். அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் கன்னத்திலும் தாடையிலும் விரலால் நீவிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். கதை கேட்கிறவர் அதை வெறும் பேச்சு என்று நினைப்பார். ஆனால் அந்த நேரத்தில் மயிர் நீரில் ஊறிக்கொண்டிருக்கிறது! பிறகு கத்தியைத் தோல்வாரில் முன்னும் பின்னும் தீட்டுவார். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மயிர் சாய்ந்திருக்கும் பக்கமாகவே கத்தியை நடத்துவார். முடிந்ததும் குளிர்ந்த நீர். கீறல் இருந்தால் படிகாரக் கல். இத்தனையும் அவர் தந்தையிடம் கற்ற பாடம்.

அவர் சவரம் செய்பவர் மட்டுமல்லர். கட்டியைக் கீறிவிடுவார்; புண்ணுக்கு மருந்து கட்டுவார். அவர் குடும்பத்துப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயர்கள் அவர்களுக்கு வழங்கியது இதனால்தான். ஐரோப்பாவிலும் இதே நிலைதான். இலண்டனில் 1540-ஆம் ஆண்டு நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டார்கள். 1745-இல்தான் அவர்கள் பிரிந்தார்கள்.

இன்னொரு செய்தியையும் நாம் மறைக்கக் கூடாது. இவ்வளவு தொண்டு செய்த நாவிதரை ஊர் தாழ்வாகவே நடத்தியது. அதோடு, ஊர்க் கட்டுப்பாட்டின் பெயரால், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அவர் சவரம் செய்யலாகாது என்ற தடையும் பல ஊர்களில் இருந்தது. தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் வசதி ஏழை எளியவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

அந்த வசதிக்கு முதலில் வழி தேடியவர்களில் ஒருவர் பாரிஸ் நகரத்துக் கத்தி வினைஞர் ஜான் ஜாக் பெரே. தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்பதைக் கற்பிக்க அவர் 1769-இல் ஒரு நூலே எழுதினார். தச்சரின் இழைப்புளியைப் பார்த்து, கத்திக்கு மரத்தாலான ஓர் உறையும் அமைத்தார். விளிம்பு மட்டும் சிறிது வெளியே தெரியும், ஆழமாக வெட்டாது. 1880-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த காம்ஃபே சகோதரர்கள் பாதுகாப்பான சவரக் கத்தி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அதன் அலகையும் அடிக்கடி கழற்றித் தீட்டத்தான் வேண்டியிருந்தது.

அந்தத் தொல்லையை ஒழித்தவர் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர். அவர் ஒரு விற்பனையாளர். 1895-இல் ஒருநாள் காலை மழுங்கிப்போன கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தீட்டவே வேண்டாத, மழுங்கினால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய தகட்டலகு ஒன்றைச் செய்தால் என்ன? அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்க முடியாது என்று அறிந்தவர்கள் சொன்னார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் பாடுபட்டு அதைச் செய்து காட்டினார். 1903-இல் விற்பனை தொடங்கியது. அந்த ஆண்டு முழுவதும் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளும்தாம். மறு ஆண்டிலேயே கருவிகளின் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது.

முதல் உலகப் போர் இந்தக் கருவியை உலகெங்கும் பரப்பியது. நச்சுப் புகைக்கு அணியும் முகமூடி முகத்தோடு இறுகப் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. அமெரிக்க அரசாங்கம் தன் படைவீரர்களுக்காக 35 லட்சம் கருவிகளையும் 3 கோடிக்கு மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கியது. போருக்குப் போன இளைஞர்கள் தாமே சவரம் செய்யும் பழக்கத்தோடு வீடு திரும்பினார்கள்.

அதே போர்க்காலத்தில் ஒரு துயரமும் நடந்தது. சவரத் தூரிகைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த மலிவான குதிரை மயிரைக் கொண்டு, உயர்ந்த ரகத் தூரிகை போலச் செய்து விற்றார்கள். அந்த மயிரில் சில ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய கால்நடை நோயின் கிருமியோடு வந்தது. சரிவரச் சுத்தம் செய்யப்படவில்லை. கத்தி பட்ட சிறு கீறல் வழியே கிருமி உள்ளே புகுந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல வீரர்கள் முகத்திலும் கழுத்திலும் கரும்புண் கண்டு நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலும் உடம்பின் கதவைத் திறந்துவிடும் என்பதை உலகம் அன்று பாடமாகக் கற்றது.

காலப்போக்கில் பிளேடு நம் லயங்களுக்கும் வந்து சேர்ந்தது. சில காசுக்கு ஒரு பிளேடு. அதை நம்மவர்கள் எப்படியெல்லாம் பயன்படுத்தினார்கள்! மழுங்கிய பிளேடைக் கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் தேய்த்துத் தேய்த்து மறுபடியும் சவரம் செய்தார்கள். அப்பா வைத்ததை அண்ணன் எடுத்தான். பிறகு அம்மா அதனால் தையலைப் பிரித்தார். தம்பி பென்சில் சீவினான். கத்தி நம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் நாவிதரின் கைப்பாடம் கூடவே வரவில்லை. நீவவும் ஊறவைக்கவும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முகம் எரிந்ததற்கு இதுவே காரணம்.

பிற்காலத்தில் வந்த புதுமைகளும் இந்தக் குறையைத் தீர்க்கவில்லை. 1960-களில் துருப்பிடிக்காத எஃகு பிளேடு பரவியது. 1971-இல் இரட்டை அலகு வந்தது, 1998-இல் மூன்று அலகு, பிறகு ஐந்து. முதல் அலகு மயிரை வெட்டும்போது சற்று வெளியே இழுக்கிறது. அடுத்த அலகு அதை இன்னும் தாழ்வாக வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முனை தோலுக்குக் கீழே பின்வாங்கிவிடும். முகம் வழுவழுப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் சுருண்ட மயிர் உள்ளவர்களுக்கு அந்தக் கூர்முனை மீண்டும் வளரும்போது வெளியே வராமல் தோலுக்குள்ளேயே குத்தும். உடனே வீக்கம், அரிப்பு, சீழ்! அமெரிக்க ராணுவத்தில் கறுப்பின வீரர்கள் பலர் இதனால் அவதிப்பட்டார்கள். நாள்தோறும் மழிக்க வேண்டும் என்பது விதி. மழித்தால் முகம் புண்ணாகும். கடைசியில் மருத்துவரே சீட்டு எழுதிக் கொடுத்து அவர்களுக்கு விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. குறை அவர்களுடைய தோலில் இல்லை. எல்லார்க்கும் ஒரே முறை என்று வகுத்த விதியில்தான் இருந்தது. நம்மிலும் சுருட்டை மயிர்க்காரர்கள் உண்டு. அவர்கள் ஒற்றை அலகை அழுத்தாமல் பயன்படுத்துவது நல்லது. அல்லது மயிரை ஒட்ட வெட்டாமல் சற்றே விட்டுவைப்பது இன்னும் நல்லது.

அப்படியானால் முகம் எரியாமல் சவரம் செய்வது எப்படி? நாவிதர் செய்ததையே செய்ய வேண்டும். முதலில் முகத்தைக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் கன்னத்தில் வையுங்கள். அல்லது குளித்த உடனே சவரம் செய்யுங்கள். மயிர் நீரை உறிஞ்சி மென்மையாகும்; வெட்டும் விசை குறையும். பிறகு சவர சவுக்காரத்தை நன்றாக நுரைத்துப் பூசுங்கள். தாடையைத் தடவிப் பார்த்து மயிர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறியுங்கள். கழுத்தில் அது ஒருபுறம் கீழ்நோக்கியும் மறுபுறம் பக்கவாட்டிலும் இருக்கலாம். அந்தப் பக்கமாகவே கத்தியை நடத்துங்கள். சிறு சிறு இழுப்பாக இருக்கட்டும், அழுத்தம் வேண்டாம். நுரை இல்லாத இடத்தில் கத்தி போகலாகாது. முடிந்தபின் குளிர்ந்த நீரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எரிகிற வாசனைத் தைலம் நல்ல மருந்து என்று நினைக்காதீர்கள்; அந்த எரிச்சல் சாராயச் சத்தினால் வருவது. வாசனையில்லாத களிம்பு சிறிது தடவினாலே போதும். பிளேடைக் கழுவி உலர வையுங்கள். இழுக்கத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள்.

ஒரு பிளேடு ஒருவருக்கே. இதில் அப்பா, பிள்ளை என்ற உறவெல்லாம் பார்க்கக் கூடாது. கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி என்ற நோயின் கிருமி, உலர்ந்த இரத்தத் துளியிலும் ஏழு நாளாவது உயிரோடிருக்கும். மலேசியாவில் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி 1989-இல்தான் தொடங்கியது. அதற்குமுன் பிறந்தவர்கள் பலருக்கு அந்தக் காப்பு இல்லை. படிகாரக் கல்லையும் பலர் முகத்தில் தேய்க்கக் கூடாது. முடிதிருத்தும் கடையில் புதுப் பிளேடு போடச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நீரிழிவு உள்ளவர்கள் சிறு கீறலையும் அலட்சியம் செய்யலாகாது. கொப்புளம் சீழ் கட்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தோட்ட வேலை செய்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. விடியற்காலை அவசரத்தில் சவரம் செய்துவிட்டு நேரே வெயிலுக்குப் போகாதீர்கள். களைக்கொல்லி மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முழுத் தோல் தடுக்கும் விஷத்தைக் கீறல்பட்ட தோல் தடுக்காது, உள்ளே விட்டுவிடும். வேலை முடிந்து, குளித்து, மாலையில் சவரம் செய்துகொண்டால் தோல் ஆறுவதற்கு ஓர் இரவு கிடைக்கும். இதற்குக் காசு செலவில்லை. நேரத்தை மாற்றினால் போதும்.

நேயர்களே, உங்கள் வீட்டில் மீசை அரும்பும் பிள்ளை ஒருவன் இருந்தால், அவன் அப்பாவின் பிளேடை எடுத்து ஒளித்துச் சவரம் செய்து பார்ப்பான். அவனைக் கேலி செய்யாதீர்கள். அவனுக்கென்று ஒரு கத்தி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் தண்ணீரைத் தொட்டு நீவக் கற்றுக்கொடுங்கள். நாவிதர் தம் மகனுக்குக் கொடுத்த அந்தப் பாடத்தை இனி நாம்தாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.