லாயிடின் காப்பிக் கடை

ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட எழுத்தின் தலைமாட்டில் இடும் சிறு குறியை அப்பாஸ்டிரபி என்பர். இலக்கணம் கற்ற செருக்கில், இளமையில் நான் லாயிட்ஸ் வங்கியின் பெயரில் அக்குறியை இட்டுக் கட்டுரை எழுதினேன். "வங்கியைக் காப்புறுதிச் சந்தையாக்கி விட்டாயே!" என்று நகைத்தார் என் ஆசிரியர்.

விஷயம் இதுதான். லண்டன் டவர் தெருவில் எட்வர்டு லாயிட் என்பவர் ஒரு காப்பிக் கடை நடத்தினார். 1688-இலேயே அக்கடைக்குச் சான்று உண்டு. மாலுமிகளும் கப்பல் முதலாளிகளும் அங்கே கூடினர். கப்பற் செய்திகள் குவிந்தன. காப்புறுதிப் பேரங்கள் நடந்தன. 'லாயிடினுடையது' என்ற பேச்சு வழக்கே சந்தையின் பெயராயிற்று. 1713-இல் லாயிட் மறைந்தார். 1871-இல் பாராளுமன்றச் சட்டம் அச்சந்தையைச் சட்டபூர்வ நிறுவனமாக்கிற்று. கடை போயிற்று, காப்பியும் போயிற்று. உடைமைக் குறி மட்டும் பெயரில் நிற்கிறது.

வங்கியோ வேறொரு லாயிட் குடும்பத்தது. 1765-இல் பர்மிங்காமில் ஜான் டெய்லரும் சாம்சன் லாயிடும் தொடங்கியது. 'டெய்லர்ஸ் அண்டு லாயிட்ஸ்' என்னும் பழம் பெயரில் இருந்தது குடும்பப் பன்மை என்றே நான் கொள்கிறேன். ஆகவே அங்கே குறி இல்லை.

1982-இல் டிம் வாட்டர்ஸ்டோன் தொடங்கிய வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை, 2012-இல் தன் குறியைத் துறந்தது. இணைய முகவரிகளுக்கு இதுவே வசதி என்றனர். இலக்கண அன்பர்கள் சீறினர். எனக்குச் சினம் எழவில்லை. கடை அதற்கு முன்பே பிறர் கைக்கு மாறியிருந்ததே!