காணாமல் போனவரின் மென்பொருள்

“செஞ்சு குடுத்துட்டு நீ பாட்டுக்குப் போயிருவ. அப்புறம் யாரு தம்பி பாக்குறது?”

மதுரையில் சிம்மக்கல், யானைக்கல், வடக்கு மாசி வீதிப் பக்கம் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் அட்வான்ஸ் வாங்கியிருப்பார். விலைப் பேரமெல்லாம் அதற்குப் பிறகுதான். கேட்பவர் ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டவர். முன்பு ஒரு பையன் நன்றாகத்தான் செய்து கொடுத்தான். அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது, போன் நம்பர் மாறியது. டொமைன் அவன் மெயில் ஐடியில் பதிவாகியிருந்ததால் ரினியூவல் அறிவிப்புகள் எல்லாம் அங்கேயே போய்ச் சேர்ந்தன. ஒருநாள் கடைப் பெயரைத் தட்டினால் சம்பந்தமே இல்லாத விளம்பரம் வந்து நின்றது. பையன் ஏமாற்றவில்லை, காணாமல் போனான், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது வேர்ட்பிரஸ். உலகத்து இணையதளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதுவும் ஒருவர் காணாமல் போனதால் பிறந்ததுதான்.

அதற்கு முந்தைய காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வெப்சைட் என்றால் ஒவ்வொரு பக்கமும் தனித்தனி எச்டிஎம்எல் கோப்பு. ஃபிரண்ட்பேஜிலோ டிரீம்வீவரிலோ செய்து, எஃப்டிபி வழியாக ஏற்றுவார்கள். 2000களின் தொடக்கத்தில் மதுரை லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்தது. பெயர்ப் பலகை எழுதுபவருக்கு அது ஒரு நாள் வேலை. வெப்சைட் வைத்திருந்தவருக்கோ, பக்கத்துக்குப் பக்கம் அடியில் இருக்கும் எண்ணை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டிய வேலை. அதையும் செய்தவரைத் தேடிப் பிடித்துத்தான் செய்ய வேண்டும்.

சரக்கைத் தனியாகவும் தோற்றத்தைத் தனியாகவும் வைத்தால் இந்தத் தொல்லை தீரும் என்பது பலருக்கும் தோன்றிய யோசனை. பெல்ஜியத்து மாணவர் டிரீஸ் பைடார்ட் 2001இல் ட்ரூபலை வெளியிட்டார். அதே வருடம் மிஷேல் வால்ட்ரிகி என்பவர் பி2 என்றொரு சின்ன மென்பொருளைத் தொடங்கினார். அவர் நெப்போலியன் பிறந்த கோர்சிகா தீவுக்காரர். நிரல் பிஎச்பியில், தகவல் மைஎஸ்க்யூஎல்லில். சொந்தமாக நாட்குறிப்பு எழுதுபவர்களுக்கானது அது, வியாபாரத்துக்கு அல்ல. கொஞ்சம் பேர் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2002 முடிவதற்குள் மிஷேலிடமிருந்து பேச்சுமூச்சு நின்றுபோனது. புதுப் பதிப்பு இல்லை, மடலுக்குப் பதில் இல்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் மேட் முல்லன்வெக் என்ற மாணவர் பி2வில்தான் எழுதிக்கொண்டிருந்தார். வயது 19. 2003 ஜனவரி 24 அன்று அவர் தன் தளத்தில் புலம்பலாக ஒரு குறிப்பு எழுதினார்: நம் மென்பொருளைச் செய்தவரைக் காணவில்லை, ஆனாலும் அது ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் நிரலை எடுத்து நானே தொடரலாம், மற்ற மென்பொருள்களில் உள்ள நல்லவற்றையும் சேர்க்கலாம் என்று. மறுநாள் இங்கிலாந்தில், மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊரான ஸ்டாக்போர்டிலிருந்து மைக் லிட்டில் என்பவர், நிஜமாகத்தான் சொல்கிறீர்கள் என்றால் நானும் வருகிறேன் என்று பதில் எழுதினார். இருவரும் கடலுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்துகொண்டே வேலையைத் தொடங்கினார்கள். மேட்டின் தோழி கிறிஸ்டின் செலக் ட்ரெமூலே அதற்கு வேர்ட்பிரஸ் என்று பெயர் வைத்தார். 2003 மே 27 அன்று முதல் பதிப்பு வந்தது. அதன் எண் 0.7. பி2 தன் 0.6 வரிசையோடு நின்றிருந்தது, விட்ட இடத்திலிருந்து எண்ணைத் தொடர்ந்தார்கள்.

பிறந்த கதை சொல்பவர்கள் இங்கே அந்த 19 வயதுப் பையனின் துணிச்சலைப் புகழ்வது வழக்கம். எனக்கு அந்த உரிமம்தான் பெரிதாகப் படுகிறது. ஜிபிஎல் என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் எழுதியது. நிரலை யாரும் எடுக்கலாம், பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம், காசுக்கும் விற்கலாம். ஆனால் மாற்றியதை வெளியே கொடுக்கும்போது அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். மிஷேல் தன் நிரலைப் பூட்டி வைத்திருந்தால் அவரோடு பி2வும் போயிருக்கும். பூட்டாமல் வைத்ததால் அதிலிருந்து ஒன்றல்ல, பல கிளைத்தன. பிரான்சுவா பிளாங்க் பி2எவல்யூஷன் செய்தார். அயர்லாந்தின் டோனகா ஓ கீவ் செய்த கிளை பிறகு வேர்ட்பிரஸ் குடும்பத்திலேயே வந்து சேர்ந்தது. மிஷேலும் பின்னால் திரும்பி வந்தார். வேர்ட்பிரஸ்தான் பி2வின் வாரிசு என்று அவரே ஏற்றுக்கொண்டு, அதற்கே பங்களிப்பும் செய்தார்.

வேர்ட்பிரஸ் தளம் ஒன்று வைத்திருப்பவர் ஹோஸ்டிங்கில் நுழைந்து, மூலக் கோப்புறையில் உள்ள லைசென்ஸ் என்ற உரைக் கோப்பைத் திறந்து பார்க்கலாம். 2001, 2002 என்ற வருடங்களோடு மிஷேல் வால்ட்ரிகியின் பெயர் இருக்கும். சிம்மக்கல் பாத்திரக் கடை தளத்திலும் இருக்கும், அமெரிக்கப் பல்கலைக்கழகத் தளத்திலும் இருக்கும். யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

நாட்குறிப்புக் கருவி எப்படிக் கடைக்கு வந்தது? அதற்கு இரண்டு வருடம் ஆனது. 2004 மே மாதம் 1.2 பதிப்பில் பிளகின் வந்தது: மூல நிரலில் கை வைக்காமல் புது வசதி சேர்க்கலாம். அதே மாதம் போட்டியாளரான மூவபிள் டைப் தன் இலவசப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதிக்க, கோபித்துக்கொண்ட கூட்டம் இந்தப் பக்கம் வந்தது. 2005 பிப்ரவரியில் 1.5 பதிப்பில் தோற்றத்தை மாற்றும் தீமும், தேதி ஒட்டாத நிலையான பக்கங்களும் வந்தன. என் கணக்கில் கூலிக்கு வெப்சைட் செய்யும் தொழில் பிறந்தது அன்றுதான். ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’ என்ற பக்கங்கள் இல்லாமல் எந்த முதலாளி காசு கொடுப்பார்? அதே வருடம்தான் டாட் இன் பெயர்கள் எல்லோருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டன. 2010இல் 3.0 பதிப்பில் மெனு வசதியும், பொருள், கிளை, சலுகை என்று தனித்தனி வகையில் பதிவிடும் வசதியும் சேர்ந்தன. 2011இல் வூகாமர்ஸ் வந்ததும் கடையே உள்ளே வந்துவிட்டது. பெரிய பதிப்புகளுக்கு ஜாஸ் கலைஞர்கள் பெயர் வைப்பது மேட்டுக்குப் பிடித்த பழக்கம், அவரே சாக்ஸபோன் வாசிப்பவர். மதுரையில் பிறந்திருந்தால் நாதஸ்வர வித்வான்கள் பெயர் வந்திருக்கும்.

சரக்கும் தோற்றமும் தனித்தனி என்பதைக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு விளக்க அச்சாபீஸ் உதாரணம் போதும். கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் ஒன்று, டிசைன் ஒன்று. டிசைன் பிடிக்கவில்லை என்றால் மாப்பிள்ளை பெயரை மாற்றுவதில்லை. வேர்ட்பிரஸில் மேட்டர் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது, தோற்றம் தீமில் இருக்கிறது. தீமை மாற்றினாலும் விலைப் பட்டியல் அழியாது. ஆனால் அந்தப் பிரிவு புரியாமல், மேட்டரையும் தோற்றத்தையும் ஒரே பேஜ் பில்டருக்குள் குழைத்து அடிப்பவர்கள்தான் இன்று அதிகம். அந்த பில்டர் பிளகினை எடுத்துவிட்டால் பக்கமே சிதறிவிடும்.

பழகுவதற்குக் காசு வேண்டாம்.  பிள்ளைகள் பலரும் சொந்த லேப்டாப்பில், அதையே சர்வராக்கும் ஸாம்ப் மென்பொருளை ஏற்றி, இணையமே இல்லாமல் முழுத் தளத்தையும் கட்டிப் பழகுகிறார்கள். ஐந்து நிமிட இன்ஸ்டால் என்பது வேர்ட்பிரஸின் பழைய பெருமை. டேட்டாபேஸ் பெயரையோ பாஸ்வேர்டையோ ஓர் எழுத்து தவறாகப் போட்டால் அந்த ஐந்து நிமிடம் மதியச் சாப்பாட்டையும் தாண்டும். அப்படி மாட்டிக்கொண்டால் கோனார் மெஸ்ஸில் ஒரு கறி தோசை சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பது உத்தமம், பிழை தானாகக் கண்ணில் படும். டேட்டாபேஸ் அடிப்படைக்கு து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ இருக்கிறது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ்க்காரர்கள் இப்படிப் பல நூல்களை இலவசமாகவே பரப்பினார்கள்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிட வேண்டும். டெலிகிராமில் கிடைக்கும் ‘நல்டு’ தீம், விலை போட்டு விற்பதை உடைத்து இலவசமாகத் தருவது. ஜிபிஎல்தானே, யாரும் பகிரலாமே என்று வாதம் செய்வார்கள். சட்டப்படி வாதம் பாதி சரி. உடைத்தவர் உள்ளே என்ன வைத்து அனுப்பினார் என்பதுதான் சிக்கல். நகைக் கடைத் தளத்தைத் தேடலில் பார்த்தால் ஜப்பானிய எழுத்தில் பொருள் விற்கும் பக்கங்கள் வரும் நோய்க்கு அது ஒரு பெரிய காரணம். வேர்ட்பிரஸ் தளத்தில் இருக்கும் இலவசத் தீம்களே பலசரக்குக் கடைக்கும் லாட்ஜுக்கும் தாராளமாகப் போதும்.

தமிழில் செய்வதும் இப்போது எளிது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியபோது, படிக்கிறவரும் எழுத்துருவைத் தன் கணினியில் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. யூனிகோடு வந்த பின் அந்தக் கவலை இல்லை. நிர்வாகப் பக்கத்தையே இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரு வடிவில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் நம் முதலாளிகள் முகப்பில் இங்கிலீஷ்தான் கேட்கிறார்கள், வாங்க வருபவர் செல்லூர்க்காரராக இருந்தாலும்.

இனி அந்த ஓடிப்போகும் விவகாரம். உரிமம் நிரலைத்தான் காக்கும், டொமைனைக் காக்காது. கருவி எவ்வளவு திறந்ததாக இருந்தாலும் சாவி செய்தவர் சட்டைப் பையில் இருந்தால் முதலாளி பழைய இடத்தில்தான் நிற்கிறார். சாவியைக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று தொழிலில் பலருக்குப் பயம். நான் பார்த்தவரை அப்படி நடப்பதில்லை. தீபாவளிச் சலுகையைத் தானே மாற்றக் கற்றுக்கொண்ட அண்ணாச்சிகூட, அப்டேட்டுக்கும் பேக்கப்புக்கும் வருடப் பராமரிப்புத் தொகையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கவே விரும்புகிறார். பாஸ்வேர்டைச் சொல்ல வந்தால், “நீயே வச்சுக்க தம்பி, எனக்கு எதுக்கு?” என்று தள்ளிவிடுவார். அதற்கு இணங்கக் கூடாது. டொமைன் அவர் மெயிலில், அவர் போனுக்கு ஓடிபி வரும்படி பதிவாக வேண்டும். ஹோஸ்டிங் பில் அவர் பெயரில் வர வேண்டும். அட்மின் கணக்கு அவருக்கு ஒன்று, செய்தவருக்கு ஒன்று. தீம் எந்த நிறத்தில் என்ற பேச்சை இதெல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.