டிராக் பந்தய இன்ஜின்களில் புகைக் குறுக்குப் பாதையை அடைத்தல்

கார்புரேட்டர் காலத்து அமெரிக்க வி-8 இன்ஜின்களில், சிலிண்டரில் எரிந்து வெளியேறும் சூடான புகையின் ஒரு பகுதியைக் கார்புரேட்டருக்கு அடியில் கொண்டுசென்று மறுபக்கம் சேர்க்கும் ஒரு பாதை இருந்தது. அதை எக்ஸாஸ்ட் கிராஸ்ஓவர் என்பார்கள். இக்கட்டுரையில் அது ‘புகைக் குறுக்குப் பாதை’ எனப்படுகிறது. கார் நிறுவனங்கள் வேண்டுமென்றே வைத்த இந்தப் பாதையை டிராக் பந்தயக்காரர்கள் வேண்டுமென்றே அடைத்தார்கள். இரு தரப்புக்கும் நியாயமான காரணங்கள் இருந்தன.

வி-8 இன்ஜினில் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள் உண்டு. இரு சிலிண்டர் ஹெட்டுகளுக்கும் நடுவே உட்கொள் மேனிஃபோல்டு அமர்ந்திருக்கும். அதன் மேல் கார்புரேட்டர். 1955இல் வந்த செவ்ரோலெட்டின் 265 கன அங்குல இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு ஹெட்டிலும் நடுவிலுள்ள இரு சிலிண்டர்களின் புகைத் துளைகள் அருகருகே இருக்கும். அங்கிருந்து ஒரு கிளைப் பாதை ஹெட்டின் உட்பக்கமாகச் சென்று, மேனிஃபோல்டின் வயிற்றுக்குள் புகுந்து, எதிர் ஹெட்டில் போய்ச் சேரும். ஒரு பக்கப் புகைக்குழாயின் வாயில் ஒரு மடல் வால்வு இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இருவகை உலோகச் சுருள் அந்த மடலை மூடிவைக்கும். வெளியே போக வழியில்லாத புகை குறுக்குப் பாதை வழியே மறுபக்கம் ஓடும். இன்ஜின் சூடானதும் சுருள் நெகிழ்ந்து மடல் திறக்கும்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோலும் அதையே செய்கிறது. காற்று ஈரமாக இருந்தால் வெளியே 10 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே கார்புரேட்டரின் தொண்டையில் பனி படியலாம். மிச்சிகன் மாநிலத்து ஜனவரிக் காலையில் நிலைமை இன்னும் மோசம். ஆவியாகாத பெட்ரோல் துளிகள் மேனிஃபோல்டின் தரையில் தேங்கும். ஒரு சிலிண்டருக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போகும். வண்டி இருமி இருமி நிற்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். ஆகவே மேனிஃபோல்டின் தரையைச் சூடாக்குவது வீண் அலங்காரம் அன்று. வேலைக்குப் போகிற சாதாரண மனிதரின் வண்டி குளிர்காலத்தில் ஓடுவதற்கான வழி அது.

ஆனால் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வண்டி ஓட்டிய இளைஞர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 1930களில் மியூராக் போன்ற ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டு வண்டிகளைப் பிரித்துக் கட்டி வேகம் பார்த்தார்கள். இவர்களுக்கான தென் கலிபோர்னியச் சங்கம் 1937இல் தோன்றியது. அவர்கள் கையில் கிடைத்த இன்ஜின் 1932இல் ஃபோர்டு வெளியிட்ட, 221 கன அங்குலமும் 65 குதிரைத்திறனும் கொண்ட வி-8. விக் எடல்பிராக் தமது ‘ஸ்லிங்ஷாட்’ மேனிஃபோல்டை 1938இல் செய்தது இந்த இன்ஜினுக்காகத்தான். இதில் புகைப் பாதைகள் இன்ஜின் கட்டைக்குள்ளேயே ஓடின. மேனிஃபோல்டு அமரும் தளத்தின் நடுவில் வெப்பத் துளைகள் இருந்தன. வேகம் வேண்டியவர்கள் அவற்றைத் தகடு வைத்து மூடினார்கள். டிராக் பந்தயம் தனி விளையாட்டாக வளர்வதற்கு முன்பே வேர்விட்ட பழக்கம் இது.

டிராக் பந்தயம் என்பது நின்ற நிலையிலிருந்து கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்க்கோட்டில் ஓடுவது. 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமான நிலையத்தில் இதற்கான தடம் திறக்கப்பட்டது. 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். நொடியின் நூறில் ஒரு பங்கு வெற்றி தோல்வியைத் தீர்க்கும் இந்த விளையாட்டில், குளிர்ந்த கலவை ஒரு பெரும் சொத்து.

கணக்கு எளிது. அழுத்தம் மாறாதபோது காற்றின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 60 டிகிரி செல்சியஸ் என்பது 333 கெல்வின். 40 டிகிரி என்பது 313 கெல்வின். 333ஐ 313ஆல் வகுத்தால் 1.06 வருகிறது. உள்ளே போகும் காற்றை 20 டிகிரி குளிர்வித்தால் அதே கொள்ளளவில் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல் காற்று இருக்கும். அதற்கேற்ப எரிபொருளும் சேர்க்கலாம். குளிர்ந்த கலவை தானாக வெடித்து ‘நாக்’ அடிப்பதும் குறைவு. அதனால் அமுக்க விகிதத்தை உயர்த்த இடம் கிடைக்கிறது. பந்தயக்காரர்கள் ஓட்டங்களுக்கு இடையே மேனிஃபோல்டின் மேல் பனிக்கட்டிப் பைகளை வைத்ததும், பெட்ரோல் குழாயைப் பனிக்கட்டி நிரப்பிய டப்பாவுக்குள் சுருட்டி ஓடவிட்டதும் இதனால்தான். மேலே பனிக்கட்டியை வைத்துவிட்டுக் கீழே அடுப்பை எரியவிடுவதில் அர்த்தமில்லை அல்லவா?

அடைப்பதற்கு முதல் வழி, மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட்டில் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வைப்பது. சாதாரணத் தகரம் புகைச் சூட்டில் அரித்து ஓட்டையாகிவிடும். நடுத்துளை இல்லாத கேஸ்கெட்டுகளே பின்னர் கடைகளில் கிடைத்தன. ஒரு மணி நேர வேலை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். குறை என்னவென்றால், மேனிஃபோல்டு தப்பித்தாலும் ஹெட்டுக்குள் இருக்கும் கிளைப் பாதை முட்டுச்சந்தாக அப்படியே இருக்கும். அதில் சூடான புகை நிரம்பி, பக்கத்திலுள்ள உட்கொள் துளைகளின் சுவரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, புகைத் துளையின் சுவரில் அந்தக் கிளையின் வாய் ஒரு பள்ளமாக நின்று வெளியேறும் புகையைச் சுழலவைக்கும்.

ஆகவே தீவிரமானவர்கள் இரண்டாவது வழிக்குப் போனார்கள். ஹெட்டைக் கழற்றிக் கரி, எண்ணெய், ஈரம் எதுவும் இல்லாமல் சுத்தம் செய்து, சூடேற்றி, புகைத் துளைப் பக்கத்தை அடைத்துவிட்டு, மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து உருக்கிய அலுமினியத்தை ஊற்றினார்கள். சூடேற்றுவது முக்கியம். உள்ளே ஒரு துளி நீர் இருந்தால் அது நொடியில் ஆவியாகி, உருகிய உலோகத்தை ஊற்றுகிறவரின் முகத்தில் தெறிக்கவைக்கும். இறுகிய பின் புகைத் துளைப் பக்கத்தை அதன் வளைவுக்கு ஏற்ப அரைத்து மழமழப்பாக்குவார்கள்.

இதில் மாணவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. அலுமினியம் 660 டிகிரியில் உருகுமே, முழு வேகத்தில் புகையின் சூடு அதைத் தாண்டுமே, அடைப்பு எப்படி நிற்கிறது? ஹெட்டைச் சுற்றி ஓடும் நீர் இரும்புச் சுவர் வழியாக வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஓட்டமும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. மேலும், அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், இன்ஜின் சூடாகும்போது அடைப்பு இன்னும் இறுகுகிறது. எளிய உலோகவியல்தான், ஆனாலும் பட்டறைக் கொட்டகையில் அதைக் கண்டுபிடித்தவர்களின் கைத்திறனை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

சாலையில் ஓட்டும் வண்டியில் இதைச் செய்தவர்கள் விலை கொடுத்தார்கள். பல இன்ஜின்களில் சோக்கைத் திறக்கும் உலோகச் சுருள், மேனிஃபோல்டில் இந்தப் பாதைக்கு மேலேயே பொருத்தப்பட்டிருந்தது. பாதையை அடைத்தால் சுருள் சூடாகாது, சோக் நெடுநேரம் மூடியே கிடக்கும், பெட்ரோல் வீணாகும். கையால் இயக்கும் சோக்கோ மின்சாரச் சோக்கோ வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. பாதையை அப்படியே விட்டவர்களுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. மடல் வால்வு துருப்பிடித்து மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் மேனிஃபோல்டு எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் அடிப்பக்கத்தில் தெறிக்கும் எண்ணெய் கருகிக் கட்டியாகும். பழைய செவ்ரோலெட் இன்ஜின்களில் மேனிஃபோல்டின் நடுவில் மட்டும் வண்ணம் எரிந்துபோயிருப்பது இந்தப் பாதையின் அடையாளம்தான்.

பந்தயத்துக்கும் சாலைக்கும் உள்ள வேறுபாட்டை கிரைஸ்லரின் 426 ஹெமி நன்கு காட்டுகிறது. 1964இல் பந்தயத்துக்கென்று வந்து, அவ்வாண்டு டேட்டோனா 500 போட்டியில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த அந்த இன்ஜினில் மேனிஃபோல்டைச் சூடாக்கும் ஏற்பாடு இல்லை. 1966இல் அதையே பொதுமக்களுக்கு விற்றபோது, புகைக்குழாயிலிருந்து மேனிஃபோல்டுக்கு வெளிப்புறமாகத் தனிக் குழாய்களை நிறுவனமே வைத்துக் கொடுத்தது.

1970இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் இந்தப் பாதைக்குப் புதிய வேலை வந்தது. மேனிஃபோல்டு விரைவில் சூடானால் சோக் விரைவில் திறக்கும். எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் குறையும். சாலை வண்டியில் இத்தகைய ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்வது இப்போது சட்டப் பிரச்சினையாகவும் ஆனது.

கடைசியில் பாதையை இல்லாமல் செய்தது பந்தயக்காரர்களின் அலுமினியம் அன்று, எரிபொருள் ஊசி. ஒவ்வொரு சிலிண்டரின் வால்வுக்கு அருகிலேயே பெட்ரோலைத் தெளிக்கத் தொடங்கியதும், மேனிஃபோல்டு காற்றை மட்டும் கடத்தும் குழாயாகிவிட்டது. சூடாக்க வேண்டிய துளிகள் அதில் இல்லை. 1996இல் வந்த செவ்ரோலெட் வோர்டெக் 350 இன்ஜினின் ஹெட்டில் குறுக்குப் பாதையே வார்க்கப்படவில்லை. அடுத்த ஆண்டு வந்த எல்எஸ்-1 இன்ஜினின் உட்கொள் மேனிஃபோல்டு பிளாஸ்டிக்கால் ஆனது. புகையை அதன் வழியே விட்டால் உருகிவிடும்.