கணுக்கால் கட்டுவதும் ஒரு கல்லூரிப் பாடம்தான்

அபார்ட்மென்ட் பாஸ்கெட்பால் கோர்ட்டிலோ பள்ளி டோர்னமென்ட்டிலோ உங்கள் பிள்ளை கால் பிசகி உட்கார்ந்ததும், யாராவது ஒருவர் வெள்ளை டேப் ரோலை எடுத்து விறுவிறுவென்று சுற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். "கட்டியாச்சு, போய் ஆடு" என்று அனுப்பியும் விடுவார்கள். புனேயில் பிசியோதெரபி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் என்பதால் இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "இந்த டேப்பு நெஜமாவே வேலை செய்யுதா சார்?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இந்தக் கைவேலையைக் கல்லூரிப் பாடமாக்கிய அமெரிக்காவின் கதையைச் சொன்னால் பதிலும் கூடவே வந்துவிடும்.

1895-ல் நியூயார்க்கின் எலும்பு மருத்துவர் வர்ஜில் கிப்னி ஒரு கட்டுரை எழுதினார். சுளுக்கு என்றால் காலை அசைக்காமல் வாரக்கணக்கில் படுக்க வைத்த காலம் அது. ஒட்டும் பிளாஸ்திரியைப் பட்டைகளாக வெட்டி, ஒன்று குதிகாலுக்கு அடியில், அடுத்தது பாதத்தைச் சுற்றி, மறுபடி அடியில் என்று கூடை முடைவதுபோல ஒட்டினால் நோயாளி ஊன்றுகோல் இல்லாமலே நடக்கலாம் என்றார் கிப்னி. இன்று மாணவன் கற்கும் கணுக்கால் கட்டின் எலும்புக்கூடு அதுதான்.

டாக்டரிடமிருந்து மைதானத்துக்கு வந்ததும் இது 'ட்ரெயினர்'களின் சொத்தானது. இவர் ஜிம் ட்ரெயினர் இல்லை. கல்லூரி அணியின் காயங்களைக் கவனிப்பவர், அத்லெட்டிக் ட்ரெயினர். படிப்பு, பட்டம் எதுவும் கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவர்கள்தான். நம்ம ஊர் எலும்புக்கட்டு வைத்தியர்களைப் போலத் தொழில் ரகசியத்தைப் பொத்தி வைத்தவர்களும் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டே ட்ரெயினராக வேலை பார்த்த சாமுவேல் பிலிக், 1917-ல் இந்தத் தொழிலைப் புத்தகமாக்கினார். கான்சஸின் கார்ட்னர் என்ற சின்ன ஊரில் வலி தைலம் விற்றுவந்த க்ரேமர் சகோதரர்கள் 1933-லிருந்து ஒரு சிறு பத்திரிகை நடத்திப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். வியாபார நோக்கம் இல்லாமல் இல்லை. தைலமும் டேப்பும் விற்க வேண்டுமே! ஆனாலும் ரகசியம் வெளியே வந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1950-ல் கான்சஸ் சிட்டியில் ட்ரெயினர்களின் தேசிய சங்கம் உருவானது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் 'பிங்கி' நியூவெல் போன்றவர்கள் விடாமல் முயன்றதில் 1959-ல் பாடத்திட்டம் வந்தது. 1969-ல் முதல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம், 1970-ல் முதல் சான்றிதழ்த் தேர்வு.

அந்த வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? முதல் பாடம் டேப்பைக் கிழிப்பது! கத்தரி கிடையாது. இரண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடித்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் ஓரம் மடிந்துகொள்ளும், அப்புறம் எவ்வளவு பலசாலியாலும் கிழிக்க முடியாது. ஒன்றரை அங்குல அகலம், 15 கஜ நீள ரோல். புதுப் பையன்கள் இதிலேயே சில ரோல்களைத் தீர்த்துவிடுவார்கள்.

பிறகுதான் கால். பாதம் கணுக்காலோடு 90 டிகிரியில் நிற்க வேண்டும்; ஆட்டக்காரர் பேச்சு சுவாரசியத்தில் காலைத் தொங்கவிட்டால் கட்டு முழுக்க வீண். கெண்டைச் சதைக்குக் கீழே ஒரு நங்கூரப் பட்டை. அங்கிருந்து உள்பக்கமாக இறங்கி, குதிகாலுக்கு அடியில் போய், வெளிப்பக்கமாக மேலே இழுக்கும் பட்டைகள் மூன்று. பெரும்பாலான சுளுக்கு பாதம் உள்பக்கம் மடங்குவதால் வருவது, அதனால்தான் இழுப்பு வெளிப்பக்கம். அதன்மேல் எட்டு வடிவச் சுற்று, குதிகாலைப் பூட்டும் சுற்றுகள். ஒவ்வொரு பட்டையும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். சுருக்கம் விழுந்தால் கொப்புளம். பாதத்தின் நடுவில் இறுக்கினால், ஊன்றும்போது பாதம் விரிய இடமில்லாமல் வலிக்கும். கடைசியில் கால்விரல் நகத்தை அழுத்தி விட்டு, ரத்தச் சிவப்பு திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்க ஃபுட்பால் அணிகளில் (முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது) பயிற்சிக்கு முன் வரிசையாகக் கணுக்கால்கள் காத்திருக்கும். ஒன்றுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும்.

இப்படி அழகாக வளர்ந்த கலைக்கு 1962-ல் விழுந்தது அடி. ராரிக்கும் அவர் குழுவினரும் கட்டின் பலத்தை அளந்தார்கள். பத்து நிமிட உடற்பயிற்சியில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விட்டது! தோல் நகர்கிறது, வியர்க்கிறது, டேப் தளர்கிறது. அப்புறம் எதற்குக் கட்டுவது?

1973-ல் காரிக்கும் ரெக்வாவும் வெளியிட்ட ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டியது. கல்லூரி பாஸ்கெட்பால் ஆட்டக்காரர்களை இரண்டு பருவம் கவனித்ததில், கட்டியவர்களுக்குச் சுளுக்கு பாதிக்கும் குறைவு. முன்பே சுளுக்கியவர்களுக்குத்தான் பலன் அதிகம். தளர்ந்த பிறகும் உதவுகிறது என்றால் டேப் வெறும் முட்டுக்கட்டை மட்டும் இல்லை. பாதம் எப்படி இருக்கிறது என்று தோல் வழியாக மூளைக்கு நினைவூட்டவும் செய்கிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது. அது இன்றும் முழுதாகத் தீராத வழக்கு. 1988-ல் ஒரு கல்லூரி ஃபுட்பால் அணியின் ஆறு பருவக் கணக்கைப் பார்த்தபோது, ஷூ மாதிரி லேஸ் கட்டும் துணி உறை டேப்பை விட நன்றாகவே காப்பாற்றியிருந்தது. விலையும் நீண்ட நாளைக்குக் குறைவு.

இந்த ஆய்வுகளால் பாடமும் மாறியது. 'எப்படிக் கட்டுவது'க்கு முன்னால் 'யாருக்கு, எதற்கு, எப்போது கூடாது' வந்து உட்கார்ந்தது. இது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்து நடந்ததில்தான் கொஞ்சம் மனத்தாங்கல். 1,500 மணி நேரம் ஒரு மூத்தவரிடம் வேலை பழகிச் சான்றிதழ் பெறும் வழி 2004-ல் மூடப்பட்டது. தேர்வாளர்கள் முன்னால் நின்று செய்து காட்டும் தேர்வும் போய், 2007-ல் எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்தது. 2022-க்குப் பிறகு இளநிலைப் படிப்பில் புதிதாகச் சேர முடியாது, முதுநிலை மட்டும்தான். அறிவு கூடியது உண்மை. ஆனால் மவுஸைப் பிடிக்கும் கைக்கும் டேப்பைப் பிடிக்கும் கைக்கும் ரொம்ப தூரம். கையைச் சோதிக்கும் பொறுப்பு இப்போது அந்தந்தக் கல்லூரியின் மனசாட்சியிடம் இருக்கிறது.

சரி, உங்கள் கேள்வி. டேப் பழைய சுளுக்கு திரும்ப வராமல் தடுக்க உதவும். இப்போது பிசகி வீங்கிய காலை அதே ஆட்டத்தில் மறுபடி இறக்குவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. பிள்ளையால் நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றால், யார் எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஆறிய பிறகு தினமும் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்று பழகச் சொல்லுங்கள். பல் தேய்க்கும்போதே செய்யலாம்.